கபடிக் களத்தில் ஒரு கணக்கு

பொங்கல் முடிந்த வாரம். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ ஒரு கிராமத்தில் நீங்கள் கபடி ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுவடை முடிந்த மேட்டு நிலம். செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, தட்டி இறுக்கி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருக்கிறார்கள். நான்கு மூலையிலும் கழி நட்டு விளக்கு கட்டியிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார். ஊரே சுற்றி நிற்கிறது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்தான் பாக்கி. உங்கள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டே நீங்கள் நடுக்கோட்டைத் தாண்டுகிறீர்கள். எதிரே ஆறு பேர் கைகோத்து நிற்கிறார்கள். இதே ஆட்டத்தில் நான்கு முறை காலை நீட்டி போனஸ் கோட்டைத் தொட்டு வந்திருக்கிறீர்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "போனஸ் எடுடா!" என்கிறது. அது உங்கள் காதில் விழுகிறது. எதிரணியின் காதிலும் விழுகிறது.

இப்போது என்ன செய்வீர்கள்? ஐந்தாவது முறையும் காலை நீட்டுவீர்களா? அல்லது கையை வீசி ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்புவீர்களா?

"அதெல்லாம் ஆடுகிறவனின் சாமர்த்தியம், இதில் கணக்கு எங்கே வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் ஒரு விடை உண்டு. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் தெரிந்தால் போதும், அந்த விடையை நாமே கண்டுபிடித்துவிடலாம். வாருங்கள், பார்ப்போம்.

களமும் விதியும்

கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. சடுகுடு என்றும் சொல்வோம். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் கொண்டது. ஒவ்வொரு அணியிலும் ஏழு பேர் களத்தில் நிற்பார்கள். பாடிப் போகிறவரை இப்போது ரைடர் என்கிறோம். அவர் போய்வருவது ரைடு. ஒரு ரைடுக்கு 30 விநாடி.

ரைடர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் தம் பக்கம் திரும்பினால் ஒரு புள்ளி. தொடப்பட்டவர் வெளியேற வேண்டும். ரைடரைப் பிடித்து நிறுத்திவிட்டால் புள்ளி எதிரணிக்கு. வெளியேறுகிறவர் ரைடர்.

இவை தவிர போனஸ் கோடு என்று ஒன்று உண்டு. அது நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் தொலைவில் இருக்கிறது. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, ரைடர் ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மற்றக் காலைத் தரையில் படாமல் தூக்கிக் காட்டினால், யாரையும் தொடாமலே ஒரு புள்ளி கிடைக்கும். ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் போனஸ் கிடையாது.

எல்லை தாண்டிப் போய், காரியம் முடித்து, உயிரோடு திரும்பி வருவது என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைக் காணலாம். பழங்காலத்தில் ஆநிரைகளைக் கவர வந்தவர்களோடும், கவர்ந்தவற்றை மீட்கவும் நடந்த பூசல்களில் இறந்த வீரர்கள் பலருக்கு இந்த வட்டாரத்தில் கல் நட்டிருக்கிறார்கள். கபடி அந்தப் பூசல்களிலிருந்து பிறந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் உள்ள சிக்கல் ஒன்றே. உள்ளே புகுகிறவன் எந்த வழியாக வருவான்? காவல் நிற்பவன் எந்த வழியை அடைப்பான்? ஒருவன் மனத்தில் உள்ளதை மற்றவன் ஊகித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இரண்டு வழிகள், இரண்டு நிலைகள்

சிக்கலைச் சிறிதாக்கிக்கொள்வோம். அறிவியலில் எப்போதும் இப்படித்தான் தொடங்குவார்கள். ரைடருக்கு இரண்டே வழிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, காலை நீட்டி போனஸ் எடுப்பது. மற்றொன்று, கையால் தொடுவது.

எதிரணிக்கும் இரண்டே நிலைகள். ஒன்று, பின்நிற்றல். கைக்கு எட்டாமல் கடைக்கோட்டை ஒட்டி நின்றுகொள்வார்கள். அப்போது அவர்களைத் தொடுவது கடினம். ஆனால் போனஸ் கோடு ரைடருக்குத் திறந்து கிடக்கும். மற்றொன்று, முன்பாய்தல். காலை நீட்டியவுடன் கணுக்காலைக் கவ்வ ஆயத்தமாக முன்னேறி நிற்பார்கள். அப்போது போனஸுக்குப் போகிறவர் மாட்டிக்கொள்வார். ஆனால் கையை வீசுகிறவருக்குத் தொட ஆள் கிடைப்பார்.

ஒவ்வொரு சந்திப்பும் பத்து முறை நடந்தால் ரைடரின் அணிக்கு நிகரமாக எத்தனை புள்ளி வரும்? பெற்ற புள்ளியிலிருந்து கொடுத்த புள்ளியைக் கழித்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நாம் இந்த எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் அணிக்கு வேறு எண்கள் வரலாம், முறை மாறாது.

போனஸ் முயற்சி, எதிரணி பின்நின்றால்: +6
போனஸ் முயற்சி, எதிரணி முன்பாய்ந்தால்: −4
தொடு முயற்சி, எதிரணி பின்நின்றால்: 0
தொடு முயற்சி, எதிரணி முன்பாய்ந்தால்: +5

இந்த நான்கு வரிகளையும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எது நல்ல வழி என்று தோன்றுகிறது? +6 கண்ணைப் பறிக்கிறது. "போனஸ்தான் லாபம், அதையே செய்வோம்" என்று தோன்றும். ஆனால் எதிரணி சும்மா இருக்குமா? நீங்கள் எப்போதும் காலைத்தான் நீட்டுவீர்கள் என்று தெரிந்தால், அவர்கள் எப்போதும் முன்பாய்வார்கள். பத்து ரைடில் உங்களுக்கு −4.

"அப்படியானால் எப்போதும் தொடுவோம்" என்கிறீர்களா? அவர்கள் எப்போதும் பின்நிற்பார்கள். உங்களுக்கு 0. நஷ்டம் இல்லை, ஆனால் லாபமும் இல்லை.

சரி, பாதிக்குப் பாதி கலந்தால்? எதிரணி பின்நின்றால் 6-க்கும் 0-க்கும் சராசரி 3. முன்பாய்ந்தால் −4-க்கும் 5-க்கும் சராசரி அரைப் புள்ளி. எதிரணி புத்திசாலியாக இருந்தால் முன்பாய்ந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு அரைப் புள்ளிதான் மிஞ்சும். ஆனாலும் 0-ஐ விட இது மேல் அல்லவா? கலப்பதில் ஏதோ பலன் இருக்கிறது. எவ்வளவு கலப்பது என்பதுதான் கேள்வி.

எதிரியின் கையைக் கட்டும் விகிதம்

மொத்த ரைடில் போனஸுக்குப் போகும் பங்கை ப என்று கொள்வோம். அப்போது தொடப் போகும் பங்கு 1 − ப.

எதிரணி பின்நின்றால் பத்து ரைடுக்கு உங்கள் சராசரி: 6 × ப + 0 × (1 − ப) = 6ப.

எதிரணி முன்பாய்ந்தால்: −4 × ப + 5 × (1 − ப) = 5 − 9ப.

இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் எதிரணி உங்களுக்கு விட்டுவைக்கும். ப-வை அதிகமாக்கினால் முதலாவது கூடுகிறது, இரண்டாவது குறைகிறது. ஆகவே குறைந்ததை முடிந்தவரை உயர்த்த வேண்டுமானால், இரண்டும் சமமாகும் இடத்தில் நிற்க வேண்டும்.

6ப = 5 − 9ப
15ப = 5
ப = மூன்றில் ஒன்று.

அதாவது மூன்று ரைடில் ஒன்று போனஸ், இரண்டு தொடுதல். அப்போது எதிரணி பின்நின்றாலும் உங்களுக்கு 2 புள்ளி. முன்பாய்ந்தாலும் 2 புள்ளி. அவர்கள் என்ன செய்தாலும் அதைக் குறைக்க முடியாது. பார்த்தீர்களா? ஒரு வழியில் −4, மற்றொரு வழியில் 0. இரண்டையும் சரியாகக் கலந்ததும் +2! அட்டவணையிலேயே பெரிய எண் போனஸுக்குத்தான் இருந்தது. ஆனால் குறைவாகப் பயன்படுத்த வேண்டியதும் அதுவே.

எதிரணியும் இதே கணக்கைத் தன் பக்கத்திலிருந்து போடலாம். அவர்கள் பின்நிற்கும் பங்கை ந என்று கொண்டால், உங்கள் போனஸுக்கு வருவது 6ந − 4(1 − ந) = 10ந − 4. உங்கள் தொடுதலுக்கு வருவது 5(1 − ந). இரண்டும் சமமாகும்போது ந = ஐந்தில் மூன்று. அப்போதும் உங்களுக்குக் கிடைப்பது அதே 2 புள்ளிதான். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள்!

இதிலிருந்து பயிற்சியாளருக்குப் பயன்படும் ஒரு சுலபமான விதி கிடைக்கிறது. எதிரணி நன்றாக ஆடும்போது, உங்கள் இரண்டு வழிகளும் சராசரியாக ஒரே அளவு புள்ளி தர வேண்டும். ஒரு வழி அதிகம் தருகிறது என்றால், அதை நீங்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று பொருள். அதைக் கொஞ்சம் கூட்டுங்கள். எதிரணி அதன் பக்கம் திரும்பும், லாபம் குறையும், மற்ற வழி திறக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

தொடப் பழகியவர் காலை நீட்டுகிறார்!

இப்போது ஒரு வேடிக்கை. நீங்கள் ஒரு மாதம் விடியற்காலையில் எழுந்து கைவீச்சை மட்டும் பழகுகிறீர்கள். முன்பாயும் எதிரணிக்கு எதிராகப் பத்து ரைடில் 5 புள்ளி பெற்றுவந்தவர் இப்போது 8 பெறுகிறீர்கள். மற்ற மூன்று எண்களும் அப்படியே. இனி நீங்கள் தொடுவதை அதிகம் பயன்படுத்த வேண்டுமா, குறைக்க வேண்டுமா? விடையைப் படிக்கும் முன் ஒரு முறை ஊகித்துக்கொள்ளுங்கள்.

6ப = −4ப + 8(1 − ப)
18ப = 8
ப = பதினெட்டில் எட்டு.

முன்பு பதினெட்டு ரைடில் ஆறு போனஸ், பன்னிரண்டு தொடுதல். இப்போது எட்டு போனஸ், பத்து தொடுதல். ஒரு மாதம் கையைப் பழக்கியவர் கையைக் குறைத்துக் காலைக் கூட்ட வேண்டும்!

ஏன் இப்படி? உங்கள் கையைக் கண்டு எதிரணி பயப்படுகிறது. அவர்கள் பின்நிற்கும் பங்கு ஐந்தில் மூன்றிலிருந்து மூன்றில் இரண்டாகக் கூடுகிறது. அவர்கள் பின்வாங்கியதும் போனஸ் கோடு திறக்கிறது. பழகிய கையின் பலன் காலில் வந்து விளைகிறது. பத்து ரைடுக்கு 2 புள்ளி என்பது ஏறக்குறைய 2.67 ஆக உயர்கிறது. உழைப்பு வீண் போகவில்லை. அது வேறு பெயரில் வரவாகியிருக்கிறது. "தொடுவதைப் பழகி என்ன பயன், அவன் போனஸ்தானே எடுக்கிறான்?" என்று வெளியே நிற்பவர்கள் சொன்னால், அவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கணக்கைத் தந்தவர்

இந்த முறைக்கு அடித்தளம் இட்டவர் ஜான் வான் நாய்மன். 1903-ல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்த கணித மேதை. சீட்டாட்டத்தில் ஒருவர் ஏன் சில சமயம் கையில் நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் நடிக்கிறார் என்பது போன்ற கேள்விகளைக் கணிதமாக்கி, 1928-ல் ஒரு தேற்றத்தை நிறுவினார். ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டமாக உள்ள இருவர் ஆட்டம் எதுவானாலும், வழிகள் எண்ணி முடிக்கக்கூடியவையாக இருந்தால், நாம் கண்டது போன்ற ஒரு சமநிலைக் கலவை நிச்சயம் உண்டு என்பதே அது. 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்ற பொருளியலாளருடன் சேர்ந்து அவர் எழுதிய நூலால் 'ஆட்டக் கோட்பாடு' என்ற துறை நிலைபெற்றது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று ஆடுவது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். அல்லது முன்னே ஓடும் தோழருக்கு எறியலாம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம், அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேற வேண்டும். தொடக்கத்தில் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி இல்லை. எல்லாரும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டதால் காயங்களும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1906-ல் முன்னோக்கி எறிவதை அனுமதித்து விதியை மாற்றினார்கள். அன்று முதல் அங்கே ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஒரே தலைவலி: எத்தனை முறை ஓடுவது, எத்தனை முறை எறிவது?

ஓட்டத்தைத் தடுக்க எதிரணி முன்னே நெருங்கி நின்றால் பின்னால் வெட்டவெளி, பந்தை எறியலாம். எறிதலைத் தடுக்கப் பின்வாங்கினால் முன்னே வழி, ஓடலாம். நம் கபடியின் முன்பாய்தலும் பின்நிற்றலும்தான், வேறென்ன? எறிந்தால் சராசரியாக அதிக தூரம் கிடைக்கும். ஆனால் பந்து தரையில் விழுந்தால் தூரம் எதுவுமில்லை. எதிரி பிடித்துவிட்டால் பந்தே பறிபோகும். தூரத்தை மட்டும் பார்த்து எறிந்துகொண்டே இருக்க முடியாது.

நம் கால்பந்தில் பெனால்டி உதையும் இத்தகையதே. பந்து கோலிலிருந்து 11 மீட்டரில் இருக்கிறது. உதைத்தபின் பார்த்துப் பாய்வதற்குக் கோல் காவலருக்கு நேரம் போதாது. அவர் முன்கூட்டியே ஒரு பக்கத்தை ஊகிக்க வேண்டும். இக்னாசியோ பலாசியோஸ்-வெர்த்தா என்ற பொருளியலாளர் 1,417 பெனால்டி உதைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார். தேர்ந்த வீரர்கள் இடப்பக்கம் உதைத்தாலும் வலப்பக்கம் உதைத்தாலும் வெற்றி விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கோட்பாடு சொல்வதும் இதைத்தானே! அந்த வீரர்கள் யாரும் களத்தில் சமன்பாடு எழுதவில்லை. பல ஆண்டுப் பழக்கம் அவர்களை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

ஒழுங்குதான் எதிரி

"மூன்றில் ஒன்று போனஸ். சரி, தொடு, தொடு, போனஸ், தொடு, தொடு, போனஸ் என்று ஆடுகிறேன்" என்று ஒருவர் கிளம்பினால் என்ன ஆகும்? விகிதம் சரி. ஆனால் மூன்றாவது சுற்றிலேயே எதிரணியின் கார்னரில் நிற்பவர் கணக்கைப் பிடித்துவிடுவார். கலவை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அடுத்தது எது என்று யாராலும் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும்.

இது பார்ப்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். மனித மனம் ஒழுங்கில்லாமல் இருக்கத் தெரியாதது. நம்பவில்லையா? நாணயத்தைச் சுண்டாமல், சுண்டுவதாகக் கற்பனை செய்து, பூ, தலை என்று நூறு முறை எழுதுங்கள். பிறகு உண்மையாகவே நூறு முறை சுண்டி எழுதுங்கள். உண்மையான பட்டியலில் ஒரே முகம் தொடர்ந்து ஐந்து முறை எங்காவது வருவது கிட்டத்தட்ட நிச்சயம். கற்பனைப் பட்டியலிலோ மூன்று முறை ஒரே முகம் வந்ததும் உங்கள் கை தானாகவே மாற்றி எழுதியிருக்கும். டென்னிஸில் விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளின் சர்வீஸ்களை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்களும் இடம், வலம் என்று தேவைக்கு மேல் மாற்றி மாற்றி அடிப்பது தெரியவந்தது.

அப்படியானால் என்ன செய்வது? முடிவை மனத்திடம் விடாமல் வேறொன்றிடம் விட்டுவிடலாம். களத்தில் தாயக்கட்டை உருட்ட முடியாது. ஆனால் கடிகாரம் இருக்கிறது. உங்கள் முறை வரும்போது கடிகாரத்தில் விநாடி எத்தனை என்று பாருங்கள். அந்த எண் 3-ஆல் மீதியின்றி வகுபட்டால் போனஸ், இல்லையென்றால் தொடுதல். 42-ல் 4-ஐயும் 2-ஐயும் கூட்டினால் 6, 3-ஆல் வகுபடும், ஆகவே போனஸ். 47-ல் கூட்டுத்தொகை 11, வகுபடாது, ஆகவே தொடுதல். 0 முதல் 59 வரையுள்ள அறுபது எண்களில் சரியாக இருபது எண்கள் 3-ஆல் வகுபடும். மூன்றில் ஒன்று! இந்த இரகசியத்தை எதிரணியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்று இது முன்னைவிட முக்கியம். 1990-ல் பெய்ஜிங்கில் கபடி ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெற்றதிலிருந்து 2014 வரை ஆண்கள் பிரிவில் தங்கம் இந்தியாவுக்கே. 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் இரானிடம் தோற்றோம். அதற்குள் இரான் வீரர்கள் பலர் புரோ கபடிப் போட்டிகளில் நம் வீரர்களோடு ஆடிப் பழகியிருந்தார்கள். தோல்விக்குக் காரணம் பலவாக இருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி. கூட ஆடியவரும், ஒளிப்படக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவரும், உங்கள் பழக்கத்தை உங்களைவிட நன்றாக அறிவார்கள். 2023-ல் ஹாங்சோவில் நடந்த போட்டியில் இந்தியா தங்கத்தை மீட்டது.

கேழ்வரகும் அவரையும்

கலப்பது என்றதும் தருமபுரி மாணவர்களுக்கு வேறொரு கலவை நினைவுக்கு வரும். இங்கே மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைப்பவர்கள் இடையிடையே அவரையோ துவரையோ போடுவார்கள். மழை ஒன்றுக்குப் போதாமல் போனாலும் மற்றொன்றாவது வீட்டுக்கு வரும். இதுவும் கபடிக் கலவையும் ஒன்றா?

இல்லை. வேறுபாட்டைக் கவனியுங்கள். நீங்கள் என்ன விதைத்தீர்கள் என்று பார்த்துவிட்டு மழை தன் முடிவை மாற்றிக்கொள்வதில்லை. உழவர் கலப்பது ஆபத்தைப் பங்கிட, ஒளிக்க அல்ல. வயலில் எந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியலாம், நஷ்டமில்லை. கபடியில் எதிரே நிற்பவர் உங்களைப் பார்த்துத் தம்மை மாற்றிக்கொள்கிறார். ஆகவே அங்கே கலப்பது ஒளிக்க. ஒரு சிக்கலைச் சந்திக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: எதிரே இருப்பது மழையா, மனிதரா?

தோற்ற ரைடு தவறான ரைடா?

தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். இரண்டு நிமிடம் பாக்கி. கடிகாரத்தில் 47. நீங்கள் போனஸ் எடுக்கவில்லை, கையை வீசினீர்கள். எதிரணி பின்நின்றுவிட்டது. வீச்சு எட்டாமல் ஒரு அடி கூடப் போனீர்கள், பிடித்துவிட்டார்கள். ஆட்டம் போயிற்று. "போனஸ் எடுத்திருந்தால் சமன் ஆகியிருக்குமே! ஊர் மானத்தை வாங்கிவிட்டானே!" என்று வழியெல்லாம் பேசுவார்கள். உங்கள் கண்கள் நிறையும். அடுத்த நாள் பயிற்சிக்குப் போகவே கால் எழாது.

அப்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான கலவையிலும் தோற்கும் ரைடுகள் உண்டு. பத்து ரைடுக்கு 2 புள்ளி லாபம் என்பது பத்தும் வெல்லும் என்று பொருளல்ல. ஒரு ரைடின் முடிவை வைத்து அந்த முடிவெடுத்தது சரியா, தவறா என்று சொல்ல முடியாது. முப்பது ரைடுகளை எழுதி வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கிராமத்து அணிகளிலிருந்து பள்ளி அணிக்கும், மாவட்ட அணிக்கும், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் போக ஆசைப்படும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரே ஒரு ரைடுக்காக உட்கார வைப்பது கணக்குத் தெரியாத செயல்.

ஆகவே உங்கள் அணியில் களத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு ரைடுக்கும் மூன்று செய்திகள் எழுதச் சொல்லுங்கள்: ரைடர் எதற்குப் போனார்? எதிரணி பின்நின்றதா, முன்பாய்ந்ததா? என்ன கிடைத்தது? நான்கு ஆட்டங்கள் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து அமர்ந்து உங்கள் சொந்த அட்டவணையை நிரப்புங்கள். அந்த நோட்டு, கூட்டத்தில் கத்துகிற எந்தக் குரலையும்விட நல்ல பயிற்சியாளராக இருக்கும்.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். நீங்கள் ரைடர், அவர் எதிரணி. இருவரும் ஒரே சமயத்தில் தாளில் மறைவாக எழுதுங்கள். நீங்கள் 'போனஸ்' அல்லது 'தொடு'. அவர் 'பின்' அல்லது 'முன்'. பிறகு திறந்து பாருங்கள். மேலே கண்ட முதல் அட்டவணைப்படி 6, −4, 0, 5 என்று உங்கள் கணக்கில் புள்ளி எழுதுங்கள். முப்பது சுற்று மனம்போல் ஆடுங்கள்.

அடுத்த முப்பது சுற்றில் நீங்கள் மட்டும் ஒரு பகடையை மறைவாக உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் போனஸ். 3 முதல் 6 வரை விழுந்தால் தொடு. மொத்தம் 60 புள்ளியை ஒட்டி வரும்; ஓர் இருபது கூடலாம், குறையலாம். நண்பர் எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் அந்தச் சராசரியைக் கீழே இழுக்க அவரால் முடியாது. பிறகு இடம் மாறி ஆடுங்கள்.

ஒரு புதிர்

புரோ கபடிப் போட்டிகளில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரைடுகளில் புள்ளி எதுவும் பெறாவிட்டால், மூன்றாவது ரைடில் கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பினால் ரைடர் வெளியேற, எதிரணிக்கு ஒரு புள்ளி. அப்போது 'தொடு – பின்' என்ற கட்டத்தில் இருந்த 0 மாறிவிடும் அல்லவா? முன்பு பத்தில் ஏழு ரைடுகள் வெறும் ரைடுகளாக முடிந்தன என்று கொண்டால், அது −7 ஆகும். மற்ற மூன்று எண்களும் முதல் அட்டவணையில் உள்ளபடியே இருக்கட்டும். இந்த மூன்றாவது ரைடில் எத்தனை பங்கு போனஸுக்குப் போக வேண்டும்?

விடை: 6ப − 7(1 − ப) = −4ப + 5(1 − ப). அதாவது 22ப = 12; ப = பதினொன்றில் ஆறு. மூன்றில் ஒன்றாக இருந்தது பாதிக்கு மேல் கூடிவிட்டது. லாபமோ பத்து ரைடுக்கு ஒரு புள்ளியில் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஒரே ஒரு விதி ஆட்டத்தை எவ்வளவு மாற்றிவிடுகிறது, பார்த்தீர்களா?